போகாத ஊருக்கு ஒரு வழி!

"அவன் போகாத ஊருக்கு வழி சொல்ற ஆளு" என்று நம்ம ஊரில் யாரைச் சொல்வார்கள்? அந்த ஆள் சாட்சாத் நான்தான். சுவிட்சர்லாந்துக்கு நான் போனதில்லை. பாஸ்போர்ட்டே இன்னும் எடுக்கவில்லை. ஆனால் போன வருஷம் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்தபடியே, அந்த நாட்டின் ஏரிகளையும் அருவிகளையும் சுற்றி ஒருவருக்கு சைக்கிள் பாதை போட்டுக் கொடுத்தேன். ஒரு பாதை அருமையாக அமைந்தது. இன்னொன்று அந்த மனுஷனைப் பாதி மலையில் இறக்கிவிட்டது. தப்பு என்னுடையது. எங்கே தப்பினேன் என்பதைச் சொன்னால் சர்வே பேப்பர் எழுதுகிறவர்களுக்கும், கியர் கணக்கு போடுகிற மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் பிரயோஜனப்படும் என்று நினைத்துத்தான் மலருக்கு இதை எழுதுகிறேன்.

அந்த மனுஷன் என் ரூம்மேட்டின் மாமா. யாழ்ப்பாணத்துக்காரர். 1980-களில் நாட்டு நிலைமையால் சுவிட்சர்லாந்துக்குப் போன ஆயிரக்கணக்கான இலங்கைத் தமிழர்களில் ஒருவர். பெர்ன் மாநிலத்தில், தூன் ஏரிக்கரையில் குடியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் ஹோட்டல் சமையலறையில் வேலை. ஜன்னலைத் திறந்தால் பனிமலை தெரியும், ஆனால் லீவு நாளில் தூங்குவதற்கே நேரம் சரியாக இருந்ததாம். இப்போது டாக்டர் நடக்கச் சொல்ல, இவர் 'கிராவல் பைக்' ஒன்று வாங்கிவிட்டார். "தம்பி, நீ சிவில் படிக்கிறாய் தானே, ஏரியும் அருவியும் பாக்கிற மாதிரி எனக்கொரு வழி கீறித் தா" என்று வீடியோ காலில் கேட்டார். நானும் மூன்றாம் வருஷத் திமிரில் "அதுக்கென்ன மாமா!" என்று சொல்லிவிட்டேன்.

முதலில் இந்த கிராவல் பைக் என்னவென்று பார்ப்போம். கிராவல் என்றால் சரளை. ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஆனால் டயர் தடிமன்: 40 மில்லிமீட்டர் சுமார். பிரேக் வட்டத்தட்டு பிரேக், அதாவது மோட்டார் சைக்கிளில் இருக்கிற டிஸ்க்கின் தம்பி. தார் ரோட்டில் வேகமாகவும் போகலாம், சரளை ரோட்டில் வழுக்காமலும் போகலாம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துச் சரளை ரோடுகளில் 2006-ல் ஆரம்பித்த ஒரு நீண்ட தூரப் போட்டி இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 2022-ல் இத்தாலியில் முதல் உலக சாம்பியன்ஷிப்பே நடந்துவிட்டது. டயரில் காற்று 30, 40 பி.எஸ்.ஐ. அடித்தால் போதும். நம்ம ஆட்கள் கல்லு மாதிரி இறுக்கி அடித்தால்தான் திருப்தி அடைவார்கள். ஆனால் சரளையில் இறுக்கமான டயர் ஒவ்வொரு கல்லுக்கும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும், அந்தத் தூக்கலுக்கு ஆகிற சக்தி வீண். தளர்ந்த டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு போய்விடும்.

சரி, அந்தப் பணக்கார நாட்டில் சரளை ரோடு எதற்கு? எனக்கும் இதே சந்தேகம். தார் போடக் காசில்லையா என்ன? விஷயம் அதுவல்ல. அந்த ரோடுகள் சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல. கோடையில் மாடுகளை மேலே மேய்ச்சல் வெளிக்கு ஓட்டிப்போகவும், அங்கே கறக்கிற பாலையும் காய்ச்சுகிற பாலாடைக் கட்டியையும் கீழே கொண்டுவரவும், காட்டு மரத்தை இறக்கவும் போட்ட வேலைக்கார ரோடுகள். ஹைவே இன்ஜினியரிங்கில் 'வாட்டர் பவுண்ட் மெக்கடம்' என்று பத்து மார்க் கேள்விக்குப் படித்தோமே, டபிள்யூ.பி.எம். ரோடு! உடைத்த ஜல்லி, இடைவெளியை நிரப்பச் சின்னக் கல், அதன்மேல் ஒட்டும் மண், தண்ணீர், ரோலர். நம் புத்தகத்தில் அது தார் போடுவதற்கு முன் போடுகிற அடித்தளம். அங்கே மலைக்காட்டில் பல இடங்களில் அதுவேதான் ரோடு. நாளைக்கு நாலு டிராக்டர் போகிற வழிக்கு அது போதும்.

இந்த ரோட்டுக்கு ஒரே எதிரி தண்ணீர். சரிவில் மழைத்தண்ணி ரோட்டு வழியாகவே ஓட ஆரம்பித்தால் ஒட்டு மண்ணை அரித்து இரண்டு மழையில் ஓடையாக்கிவிடும். அதனால் ரோட்டை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போடுவார்கள். அதுவும் போதாமல் கொஞ்ச தூரத்துக்கு ஒரு இடத்தில் மரத்திலோ இரும்பிலோ குறுக்கு வாய்க்கால் பதித்திருப்பார்கள். வருகிற தண்ணியை வெட்டிப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடும். சைக்கிள்காரன் இதை நேர்குத்தாகத்தான் கடக்க வேண்டும். கோணலாகப் போனால் சக்கரம் அந்த வாய்க்காலில் மாட்டி, ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பான். மாமாவிடம் நான் சொல்லிவிட்ட முதல் விஷயம் இதுதான். (இதையாவது சரியாகச் சொன்னேனே!)

இனி வரைபடம். சுவிஸ்காரர்களுக்கு மேப் என்றால் உயிர். துஃபூர் என்ற இன்ஜினியரின் தலைமையில் நாடு முழுவதையும் அளந்து, 1845 முதல் 1865 வரை லட்சத்தில் ஒன்று அளவில் தாள் தாளாக வெளியிட்டார்கள். இன்றைக்கு 25 ஆயிரத்தில் ஒன்று அளவுள்ள தேசிய வரைபடத்தை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் இலவசமாகப் பார்க்கலாம். 2021 மார்ச்சிலிருந்து அந்தத் தகவல் எல்லாமே எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. காண்டூர் கோடுகள் மண்ணில் பழுப்பு, பாறையில் கறுப்பு, பனியாற்றில் நீலம். ஆல்ப்ஸ் பகுதியில் கோட்டுக்குக் கோடு உயர இடைவெளி 20 மீட்டர்.

இதில் ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது, பிராக்டிகலுக்கும் உதவும். 25 ஆயிரத்தில் ஒன்று என்றால் தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். ரோட்டின் மேலேயே ஸ்கேலை ஓட்டி, ஒரு காண்டூரிலிருந்து அடுத்த காண்டூருக்கு எவ்வளவு என்று அளங்கள். 1 சென்டிமீட்டர் வந்தால் 250 மீட்டர் போய் 20 மீட்டர் ஏறுகிறோம், அதாவது 8 சதவிகித ஏற்றம். 8 மில்லிமீட்டர் வந்தால் 10 சதவிகிதம். 7-க்கும் கீழே போனால் 12 சதவிகிதத்தை நெருங்குகிறது, சைக்கிள்காரன் பல்லைக் கடிக்க வேண்டும். நம் பாடத்தில் மலை ரோட்டுக்கு ரூலிங் கிரேடியன்ட் 5, 6 சதவிகிதம் என்று படித்தது ஞாபகம் இருக்கிறதா? அது லாரிக்கும் பஸ்சுக்கும். மாட்டுக்கும் டிராக்டருக்கும் போட்ட ரோடு அந்தச் சட்டத்தைக் கேட்காது.

முதல் பாதை பிரியென்ஸ் ஏரி. இன்டர்லாக்கன் ஊருக்கு மேற்கே தூன் ஏரி, கிழக்கே பிரியென்ஸ் ஏரி. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே ஏரி. பக்கவாட்டு மலைகளிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும் நடுவே மேடாகி, ஏரியை இரண்டாக்கி, அந்த மேட்டில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. பிரியென்ஸ் ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 564 மீட்டர், ஆழம் 260 மீட்டர். அடிமட்டம் எங்கே இருக்கிறது என்று கழித்துப் பாருங்கள். பனியாறு அவ்வளவு ஆழமாகத் தோண்டியிருக்கிறது!

இந்த ஏரியின் தென்கரையில் போனிகன், ஈசெல்ட்வால்ட், கீஸ்பாக் வழியாக பிரியென்ஸ் போய், அங்கிருந்து சமவெளியில் மைரிங்கன். நான் முதலில் போட்ட கோடு ஈசெல்ட்வால்டிலிருந்து கீஸ்பாக் வரை தண்ணீரை ஒட்டியே போனது. படத்தில் பார்க்க அவ்வளவு அழகு! அனுப்பிய அரை மணியில் மாமாவிடமிருந்து பதில்: "தம்பி, அது நடக்கிற ஆக்களின்ர பாதை. மஞ்சள் போர்டு. சைக்கிள் போர்டு சிவப்பு."

அப்போதுதான் எனக்கு அந்த விவரமே தெரிந்தது. அங்கே நடைபாதைக்கு மஞ்சள் கைகாட்டி. கரடுமுரடான மலைப் பாதை என்றால் மஞ்சளின் நுனியில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை. சைக்கிளுக்குச் சிவப்புக் கைகாட்டி, அதில் பாதையின் எண். தேசியப் பாதைக்கு ஒற்றை இலக்கம், வட்டாரப் பாதைக்கு இரண்டு இலக்கம், உள்ளூர்ப் பாதைக்கு மூன்று. நாடு முழுக்க ஒன்பது தேசிய சைக்கிள் பாதைகளை 1998-லேயே திறந்துவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் எட்டாம் எண் ஓடுகிறது, ஆரே நதியின் பெயரில். இது மட்டுமா, 2018-ல் சைக்கிள் பாதையை அரசியல் சட்டத்திலேயே சேர்க்கலாமா என்று நாடு முழுக்க ஓட்டெடுப்பு நடத்தி, 73 சதவிகிதத்துக்கு மேல் "சேர்" என்று ஓட்டு விழுந்திருக்கிறது! அதற்கான சட்டம் 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ரோட்டோரக் கோட்டையே கண்டுகொள்ளாத நமக்கு இது கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

எட்டாம் எண் சைக்கிள் பாதை கரையை விட்டு மேலே ஏறி, காட்டுக்குள் சரளை ரோட்டில் ஏறி இறங்கி கீஸ்பாக் அருவிக்குப் போகிறது. அந்த வழியையே திருத்திப் போட்டேன். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா போனார். கீஸ்பாக் அருவி ஒரே குதியாகக் குதிக்காது. பதினாலு படியாக, மொத்தம் 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி ஏரியில் விழுகிறது. பக்கத்தில் 1870-களில் கட்டிய பெரிய ஹோட்டல். படகுத் துறையிலிருந்து அந்த ஹோட்டலுக்கு ஏற 1879-லிருந்து ஒரு கம்பி ரயில் ஓடுகிறது. மெக்கானிக்கல்காரர்கள் இதைக் கவனிக்கணும்: ஒரே கம்பியின் இரண்டு நுனியில் இரண்டு பெட்டி. மேலே இருக்கிற பெட்டியின் தொட்டியில் ஓடைத் தண்ணியை நிரப்பினால் அது கனத்தால் இறங்கும், கீழே இருக்கிறது ஏறும். கீழே வந்ததும் தண்ணியைத் திறந்துவிட வேண்டியதுதான். என்ஜினும் இல்லை, கரியும் இல்லை, அருவியே மோட்டார்! நடுவழியில் இரண்டு பெட்டியும் மோதாமல் விலகுவதற்கு ஒற்றைத் தண்டவாளத்தை நடுவில் மட்டும் இரண்டாகப் பிரிக்கும் ஏற்பாட்டை ஆப்ட் என்ற இன்ஜினியர் இந்த ரயிலில்தான் முதன்முதலில் செய்து காட்டினார். இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது.

மாமா அன்றைக்கு அனுப்பிய போட்டோவில் தலை நனைந்து, சட்டை நனைந்து, சிரித்துக்கொண்டு நிற்கிறார். அருவிக்குப் பின்பக்கமாகவே நடந்து போகலாமாம். "முப்பது வருசமா இஞ்ச இருக்கிறன், இதைக் காணேல்லையடா" என்றார். என் ரூம்மேட் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்த வாரம் லாட்டர்ப்ரூனன் பள்ளத்தாக்கு. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பாதை அவ்வளவு சுலபம். லாட்டர்ப்ரூனனிலிருந்து ஷ்டெக்கல்பெர்க் வரை ஏழு கிலோமீட்டருக்குள்தான், ஏற்றம் நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இரண்டு பக்கமும் சுவர் மாதிரிப் பாறை, சுவர் உச்சியிலிருந்து அருவிகள். ஷ்டௌப்பாக் அருவி 297 மீட்டர். விழுகிற தண்ணி தரைக்கு வருமுன் காற்றில் தூளாகிவிடும், பெயருக்கே 'தூசி ஓடை' என்றுதான் அர்த்தம். ஜெர்மானியக் கவிஞர் கதே 1779-ல் இதைப் பார்த்துவிட்டு ஒரு கவிதையே எழுதினார். கொஞ்சம் தள்ளி ட்ரூமல்பாக். அது மலைக்கு உள்ளேயே குடைந்துகொண்டு பத்து அருவியாக விழுகிறது. ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்களின் பனியாற்று நீரும் அந்த ஓட்டை வழியாகத்தான் வர வேண்டும், வினாடிக்கு 20 ஆயிரம் லிட்டர் வரை. நம்ம வாட்டர் லாரி இரண்டு வினாடிக்கு ஒரு தடவை இரண்டு மூன்று சேர்ந்து கவிழ்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வெற்றி! தலைக்கனம் ஏறாதா? மூன்றாவதாக எடுத்தேன் பாருங்கள், க்ரோஸ்ஸ ஷைடெக்!

மைரிங்கனிலிருந்து ரோசன்லாவி பள்ளத்தாக்கு வழியாக ஏறி, 1962 மீட்டர் உயரமுள்ள கணவாயைத் தாண்டி, மறுபக்கம் கிரின்டெல்வால்டில் இறங்குவது. வழியில் ரைஷன்பாக் அருவி. துப்பறியும் கதைப் பிரியர்களுக்கு இது தெரிந்திருக்கும். கோனன் டாயில் தன் ஷெர்லாக் ஹோம்ஸைத் தீர்த்துக்கட்ட முடிவு செய்து, 1893-ல் வெளியான கதையில் வில்லனோடு சேர்த்துத் தள்ளிவிட்டது இந்த அருவியில்தான். (வாசகர்கள் விடவில்லை, பிறகு உயிரோடு கொண்டுவந்தார்.) ரோடு பெரும்பாலும் தார்தான். ஆனால் மேல்பகுதியில் தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை, பஸ்சும் சைக்கிளும் மட்டும். கிராவல் பயணம் என்றால் முழுக்கச் சரளைதான் என்று யாரும் சத்தியம் வாங்குவதில்லை.

என் கணக்கு இப்படி. மைரிங்கன் 595 மீட்டர், உச்சி 1962. ஏற வேண்டியது 1367 மீட்டர். தூரம் 17 கிலோமீட்டர் என்று வைத்தால் சராசரி 8 சதவிகிதம். மாமா, சைக்கிள், பை எல்லாம் 80 கிலோ. அதை 1367 மீட்டர் தூக்க ஆகிற சக்தி சுமார் 10 லட்சத்து 73 ஆயிரம் ஜூல். கரண்ட் கணக்கில் இது 0.3 யூனிட்! ஹாஸ்டலில் ஒளித்து வைத்திருக்கிற இன்டக்‌ஷன் அடுப்பு பத்துப் பதினைந்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிடும். "இவ்வளவுதானா!" என்று எனக்கே ஏமாற்றம். மாமா 150 வாட் மிதித்தால் இரண்டு மணி நேரம். "காலையில எட்டு மணிக்குக் கிளம்பினா பத்து மணிக்கு உச்சியில டீ குடிக்கலாம் மாமா!" என்று மெசேஜ் போட்டேன்.

கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த மேப்பே ஏற்ற இறக்கப் படத்தை வரைந்து கொடுக்கும். நான் அழுத்தவில்லை. ஸ்கேல் வைத்து ஒவ்வொரு காண்டூராக அளந்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. ஆரம்பத்தையும் முடிவையும் கழித்து, தூரத்தால் வகுத்து, வேலை முடிந்தது என்று சினிமாவுக்குப் போய்விட்டேன்.

எனக்கு அப்போது புரியாத விஷயம் இதுதான். அருவி எங்கே உண்டாகிறது? பெரிய பள்ளத்தாக்கில் போன தடித்த பனியாறு ஆழமாகத் தோண்டிக்கொண்டு போனது. பக்கத்துச் சின்னப் பள்ளத்தாக்கின் மெல்லிய பனியாறு அவ்வளவு தோண்டவில்லை. பல்லாயிரம் வருஷத்துக்கு முன்பு பனி உருகிப் பின்வாங்கியதும், சின்னப் பள்ளத்தாக்கின் வாய் பெரியதன் சுவரில், மாடி வாசல் படி இல்லாமல் நிற்கிற மாதிரி, உயரத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. தொங்கு பள்ளத்தாக்கு என்று பெயர். அந்த வாயில் வருகிற ஓடை குதிக்க வேண்டியதுதான், அதுதான் அருவி. ஏரியைத் தோண்டியதும் பனியாறு, அருவியைத் தொங்கவிட்டதும் பனியாறு.

இப்போது சைக்கிள்காரன் கண்ணோடு பாருங்கள். ஓடை எந்த இடத்தில் குதிக்கிறதோ, அந்த இடத்தில் ரோடும் அதே உயரத்தை ஏறியாக வேண்டும்! ஓடைக்குக் குதிக்கத் தெரியும், ரோட்டுக்குக் குதிக்கத் தெரியாது, வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறும். மொத்தம் 250 மீட்டர் குதிக்கிற ரைஷன்பாக் பக்கத்தில் இருந்தால், அங்கே ரோடு 8 சதவிகிதத்தில் சமர்த்தாகவா போகும்? அங்கே 12 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. பிறகு தொங்கு பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் ஓடையோடு சேர்ந்து ரோடும் சாதுவாகிவிடும். ரோசன்லாவி வரும்போது கிட்டத்தட்ட சமதளம். அப்புறம் ஷ்வார்ஸ்வால்டால்ப் 1454 மீட்டர், அங்கிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் 508 மீட்டர், மறுபடி 10 சதவிகிதம். ஆக, எனக்குக் கிடைத்த அந்த 8 சதவிகிதம் ரோட்டில் பாதி இடத்தில் இல்லவே இல்லை. லாட்டர்ப்ரூனனில் அருவி இருந்தும் ஏன் சுலபம் என்றால், அங்கே அருவிகள் பக்கச் சுவரிலிருந்து விழுகின்றன, நாம் அடிமட்டத்திலேயே போகிறோம். அருவி நம் வழியின் குறுக்கே இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆகஸ்டில் மாமா புறப்பட்டார். இங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன். மூச்சு வாங்குகிறது. "தம்பி, நான் சைக்கிள் ஓடேல்ல, உருட்டிக்கொண்டு வாறன். உன்ர கணக்கு பிழையடா."

பிழைதான். 54 வயசுக்காரர், முப்பது வருஷம் அடுப்படியில் நின்ற கால், 150 வாட் மணிக்கணக்கில் மிதிக்குமா? 100 வாட் என்றே வைப்போம். 12 சதவிகித ஏற்றத்தில் அந்த 100 வாட்டுக்குக் கிடைக்கிற வேகம் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர். நடக்கிறவன் முந்திவிடுவான். அவர் சைக்கிளில் முன்னால் 40 பல், பின்னால் பெரிய சக்கரம் 42 பல். ஒரு மிதி சுற்றுக்கு 2.1 மீட்டர் நகரும். மூன்றரை கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிஷத்துக்கு 28 சுற்று. அவ்வளவு மெதுவாக மிதித்தால் சைக்கிள் பாம்பு மாதிரி நெளியும், பேலன்ஸ் போகும், இறங்க வேண்டியதுதான். சராசரி ஏற்றமான 8 சதவிகிதம் என்றால் 5 கிலோமீட்டர் வேகம், 40 சுற்று, எப்படியோ சமாளித்திருப்பார்.

கியர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு கணக்கு. நம்ம ஊர் பெரிய சைக்கிளில் முன்னால் 48 பல், பின்னால் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 5.9 மீட்டர் போகும். 10 சதவிகித ஏற்றத்தில் இந்த 80 கிலோவை ஏற்ற பெடலில் கொடுக்க வேண்டிய சராசரி அழுத்தம் சுமார் 44 கிலோ. மாமாவின் சைக்கிளில் அதே ஏற்றத்துக்கு 16 கிலோ போதும். செய்கிற வேலை குறையவில்லை, சுற்றுதான் கூடுகிறது. நெம்புகோல் காலத்திலிருந்து இதே கதைதான். முன்னால் உள்ள 40 பல்லை 32 ஆக்கியிருந்தால் அந்த 28 சுற்று 35 ஆகியிருக்கும். இதை நான் அவர் ஏறுவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும்.

உருட்டியும் மிதித்தும் ரோசன்லாவி வரை, 733 மீட்டர் ஏறிவிட்டார் மனுஷன்! அதற்குமேல் கால் வரவில்லை. சூப் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்ப முடிவு செய்தார். அது நல்ல முடிவு. மோசமானது நான் சொல்லாமல் விட்ட விஷயம், இறக்கம்.

ஏறும்போது சேர்த்த சக்தி எங்கே போகும்? 733 மீட்டருக்கு சுமார் 5 லட்சத்து 75 ஆயிரம் ஜூல். கொஞ்சம் காற்றை எதிர்ப்பதில் போகும். மீதி முழுக்க பிரேக் தட்டில் சூடாக இறங்கும். அந்தத் தட்டின் எடை நூறு நூற்றைம்பது கிராம்! காற்று வந்து ஆற்றவில்லை என்றால், கணக்குப்படி பல ஆயிரம் டிகிரி ஏற வேண்டும். மாமா பயத்தில் பின் பிரேக்கை மட்டும், விடாமல், ஊர் வரும்வரை லேசாகப் பிடித்தபடியே வந்திருக்கிறார். வழியில் மஞ்சள் போஸ்ட் பஸ் வளைவில் வந்து மூன்று சுரத்தில் ஹார்ன் அடித்ததாம். (ரோசினியின் வில்லியம் டெல் இசையிலிருந்து எடுத்த மூன்று சுரம் அது. மலை ரோட்டில் அந்த பஸ்சுக்குத்தான் முன்னுரிமை.) ஒதுங்க பிரேக்கை அழுத்தினால், நெம்பு கைப்பிடி வரை போய் ஒட்டிவிட்டது. முன் பிரேக்கைப் பிடித்து, புல்லில் ஏற்றி நிறுத்திவிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். நீல நிறம் ஓடியிருந்தது. மெட்டலர்ஜி வகுப்பில் எஃகை டெம்பர் பண்ணும்போது வைக்கோல் நிறம், பழுப்பு, நீலம் என்று படித்தோம். சாதாரண எஃகிலேயே நீலம் வர 300 டிகிரி வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக்கு அதைவிட அதிகம். எண்ணெய் பிரேக்கில் அவ்வளவு சூட்டுக்கு உள்ளே ஆவி உண்டானால் நெம்பு இப்படித்தான் தொளதொளவென்று ஆகும். அந்தப் போட்டோவைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. சாப்பிடப் போகவில்லை.

சரியான முறை என்ன? இரண்டு பிரேக்கையும் சேர்த்து, வளைவுக்கு முன் பலமாகச் சில வினாடி பிடிக்க வேண்டும். வேகம் குறைந்ததும் முழுசாக விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில் காற்று தட்டை ஆற்றும். சரளையில் முன் பிரேக்கை வளைவுக்குள் பிடிக்கவே கூடாது, முன் சக்கரம் வழுக்கினால் திருப்பிப் பிடிக்க முடியாது. ரொம்ப நேரம் இறங்கினால் நடுவில் நின்று, அருவி பார்க்கிற சாக்கில் தட்டை ஆறவிட வேண்டும். தட்டைத் தொட்டுப் பார்க்கக் கூடாது.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். மேய்ச்சல் வெளியில் வேலிக்கதவு வந்தால் திறந்து, போய், மறுபடி மூடணும். கன்றோடு இருக்கிற மாட்டுக்குக் கிட்டே போகக் கூடாது, மணி கட்டியிருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். நடந்து வருகிறவர்களுக்கு வழி விடணும். தண்ணீர் பாட்டில் பெரிசாகச் சுமக்க வேண்டாம். ஊருக்கு ஊர் மரத்தொட்டியில் ஊற்றுநீர் விழுந்துகொண்டே இருக்கும், 'குடிநீர் அல்ல' என்று எழுதியிராவிட்டால் தாராளமாகக் குடிக்கலாம். உயரக் கணவாய்களுக்கு ஜூன் தொடங்கி அக்டோபர் வரைதான் காலம், மற்றபடி பனி.

மாமா என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிரேக் தட்டு, பட்டை, எண்ணெய் எல்லாம் மாற்றி, முன்னால் 32 பல் சக்கரமும் போட்டுவிட்டார். இந்த முறை நான் க்ரோஸ்ஸ ஷைடெக் பாதையை ஒரு கிலோமீட்டருக்கு ஒரு வரியாக, ஸ்கேல் வைத்து அளந்து, ஏற்றம் எத்தனை, எத்தனை நிமிஷம், எங்கே உருட்டலாம், எங்கே தண்ணீர் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். நேரம் நாலரை மணி என்று போட்டிருக்கிறேன், பஸ்சில் ஏறித் திரும்ப வசதியாக இரண்டு இடங்களைக் குறித்திருக்கிறேன். வருகிற ஜூலையில் மறுபடி போகிறார். போன வாரம் அதை வாசித்துக் காட்டச் சொன்னார். நான் ஏற்றக் கணக்கிலிருந்து ஆரம்பித்தேன்.

"அது பிறகு வாசி தம்பி," என்றார். "முதல்ல அருவி எங்கெங்க நிக்குது எண்டு சொல்லு."